அரைநிலா கீ

முப்பத்தொரு கிலோ.
பழைய இரும்பு விலைக்கே எடை போட்டார்களாம்,
அலுமினியம் என்று தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்களாம்.
தேசிங்கு சொல்லிச் சிரித்தபோது
சாக்கிலிருந்து என் கடைத் தரையில் வடிந்தது
யாரோ ஊற்றிவிட்டுப் போன எண்ணெய்.

முதுநகரில் என் கடைக்கு
மிக்ஸி வரும், சீலிங் ஃபேன் வரும்,
கோடையில் வரிசை கட்டித் தண்ணீர் மோட்டார் வரும்.
"காயில் கட்டுறவதானே நீ?"
கட்டுகிறவள்தான்.
தண்ணீரை இழுக்கிற மோட்டார் வேறு
தண்ணீரில் இழுக்கிற மோட்டார் வேறு
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் மூடியைக் கழற்றியிருந்தேன்.

உள்ளே குளவிக்கூடு.
பக்கத்தில் பித்தளைத் தகட்டில் தேய்ந்த ஊர்ப்பெயர்,
இரண்டெழுத்து மிச்சம்.
எந்த நாடு, எந்த ஊர் என்று
லேத் மெகராஜும் நானும் ஒரு டீ முழுக்கப் பேசினோம்.
பிறகு அந்தத் தகட்டின் மேலேயே
கிளாஸை வைத்தோம்.

பிஸ்டன் ஒட்டிக் கிடந்தது.
டீசலும் பிரேக் ஆயிலும் ஊற்றி மூன்று நாள்.
நாலாம் நாள் கட்டையால் ஒரு தட்டு:
ஏப்பம் விட்டு இறங்கியது.

கார்பரேட்டர் டிவிஎஸ் ஐம்பதினுடையது,
நடுவில் கால் அங்குலத் தகடு.
தண்ணீர் தள்ளும் ரப்பர் சக்கரம் தொட்டதும் பொடிந்தது.
லாரி டியூபில் வெட்டினேன், மூன்றாவதுதான் உட்கார்ந்தது.
காயில் மட்டும் என் கை.
முடியை விட மெல்லிய கம்பி, பதினோராயிரம் சுற்று,
ஏழாயிரத்துச் சொச்சத்தில் கரண்ட் போய்
எண்ணிக்கை மறந்து
மறுபடி ஒன்று.

தண்டு ஒரு சாண் நீளம் அதிகம்.
அறுக்க மனம் வரவில்லை.
படகின் பின்பலகையை உயர்த்தச் சொன்னேன்.

புரொப்பல்லர் ஆணியை
"உருக்குல போடட்டா, நிலைக்கும்" என்றார் மெகராஜ்.
வேண்டாம், பித்தளை.
கல்லில் மோதினால் அதுதான் உடையணும்
கியர் உடையக் கூடாது.
உடைவதற்கென்றே ஒன்றைக் கடையச் சொன்னதில்
அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

உப்பனாறு, ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால்.
ஒன்பதாவது இழுப்பில் பிடித்தது.
புகையில் கொக்குகள் எழும்ப
தேசிங்கு கை தூக்க
படகு கிளம்பியது,
பின்பக்கமாக.

போய்க்கொண்டே இருந்தது.
கட்டியிருந்த விசைப்படகின் விலாவில் முட்டி
சேற்றில் சிக்கி நின்றது.
மேலே வலை தைத்தவர் எட்டிப் பார்த்தார்:
"என்னப்பா, நண்டு புடிக்கிற வண்டியா?"
இன்னொருவர் திருத்தினார்:
"நண்டு பக்கவாட்டுல போவும்.
இது எறா."

பித்தளை ஆணி உடைந்திருந்தது.
கியர் பிழைத்தது.
சிரித்து முடிக்க எனக்குத்தான் நேரமானது.

ராத்திரி ஃப்ளைவீலைக் கழற்றினேன்.
அரைநிலா கீ என்போம்,
வெட்டியெறிந்த நகத்தளவு இரும்பு.
இரண்டாகத் துண்டாகி
சக்கரம் ஒரு விரல்கடை நழுவியிருந்தது.
இந்த வகை இஞ்சினுக்கு முன்பின் பேதம் கிடையாது,
எந்தப் பக்கம் சுழன்றாலும் ஓடும்.
பொறி எந்த நொடியில் விழுகிறதோ
அதுதான் திசை.
செத்த ஃபேனின் தண்டிலிருந்து
புதிதாக ஒன்று அராவினேன், விடியும்வரை.

இப்போது முன்னால்தான் போகிறது.
முட்டி தேய்ந்து கோல் ஊன்ற முடியாத தேசிங்கு
அக்கரைத் தில்லைப்புதர் வரை போய்
நண்டுக் கூடு வைத்துத் திரும்புகிறான்.
கூலி பாதி ரூபாய், பாதி நண்டு என்றான்.
எனக்கு நண்டு ஒத்துக்காது, உதடு வீங்கும்.
தவணை எழுதினோம்.
பணத்தோடு வருகிறானோ இல்லையோ
ஆணி கேட்டு வந்துவிடுகிறான்.

மெகராஜ் பத்துப் பத்தாகக் கடைந்து தருகிறார்.
கம்பியில் கோத்து
ஸ்விட்சுப் பலகைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன்.
ஃபேனைப் போட்டால்
ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன,
உடைய இன்னும் முறை வராதவை.