மூணு

லாபீஸ் கிளினிக், வியாழக்கிழமை, பின்னறை.
ஒன்றிலிருந்து பத்துக்குள்
குடியை நிறுத்த எவ்வளவு தயார் என்றேன்.
குணாளன் தன் விரல்களைப் பார்த்தார்.
"மூணு, மிஸ்ஸி."
நான் மிஸ்ஸி இல்லை. திருத்துவதில்லை.

ஏன் ஏழு இல்லை என்று கேட்டால்
சாக்குகள் வரிசை கட்டும்:
சம்பளம், மழை, மச்சான், முதுகுவலி.
தலைகீழாகக் கேட்கத்தான் பயிற்சி.
"ஏன் ஒண்ணு இல்ல?"

வெளியே செம்பனை லோரி
குலைகளைக் குலுக்கிக்கொண்டு போனது.
மௌனத்தை நிரப்பாதே என்பதும் பாடம்;
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"போன மாசம் அரிவாள் வழுக்கிருச்சு.
குலை விழுந்த எடத்துக்கு ஒரு சாண் தள்ளி
அந்த பங்களாதேஷ் பையன்.
அவன் சிரிச்சான்."

"நீங்க சிரிக்கல."
அவ்வளவுதான் சொன்னேன்.
தொப்பியால் அவர் முகம் துடைத்ததை எழுத
பாரத்தில் கட்டம் இல்லை.

அடுத்த வியாழன் நாற்காலி காலி.
அதற்கடுத்த வாரம் வந்தார்,
சம்சு வாடைக்கு மேல் புதினா மிட்டாய்.
கேட்பதற்குள் சொன்னார்:
"ரெண்டு."

சரிவு என்று எழுதப் போன பேனாவை
மூடி வைத்தேன்.
பசியாறிட்டீங்களா என்றேன் முதலில்.
பிறகு, நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டு,
"ஏன் ஒண்ணு இல்ல?"