மூன்றாம் தோகையின் அடிப்புறம்

பிரசிகாபாவைத் தாண்டி, கபிவாரிப் பக்கத்துக் கரும்புக்காரர்கள்
இந்த நோய்க்குச் செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள்:
மஞ்சக்குட்டி.
தொலைந்த கன்றைக் கூப்பிடும் குரலில் சொல்கிறார்கள்.
எனக்குப் பிடிக்கவில்லை.
கூப்பிட்டால் வந்துவிடும்.

அன்செல்மோ ஃபுர்லான் வேலிப்படலில் நின்றார்.
"பள்ளத்து வயல் பூரா மஞ்சளாப் போச்சு, பாருங்க"
என்றவர் வயலைப் பார்க்கவில்லை.
செம்மண் அப்பிய தன் பூட்ஸைப் பார்த்தார்.

பார்க்க ஒரு முறை இருக்கிறது.
வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு
உச்சியிலிருந்து எண்ணி இறங்க வேண்டும்.
சுருண்ட குருத்து கணக்கில் சேராது.
விரிந்ததில் ஒன்று, இரண்டு, மூன்று.
மூன்றாம் தோகையைப் புரட்டினால்
மேலே பச்சை சத்தியம் செய்துகொண்டிருக்க
அடியில் நடுநரம்பு மட்டும்
எலுமிச்சைத் தோலாய் ஓடும்.

ஓடியது.
ஆனால் அது போதாது.
நீர் தேங்கினாலும் மஞ்சள்,
நீர் பொய்த்தாலும் மஞ்சள்,
தண்டுக்குள் புழு குடியிருந்தாலும் மஞ்சள்.
கரும்புக்குத் தெரிந்தது ஒரே எழுத்து.
எந்த வலிக்கும் அதையே எழுதுகிறது.

பள்ளத்தில் இருபது தோகை எடுத்தேன்.
ஒப்பிட, மேட்டில் இருபது.
"அங்க எதுக்கு? அது விதைக்கு விட்டது.
பச்சைன்னா அது பச்சை."
ஆமாம், பச்சைதான் என்றேன்,
வெட்டிப் பையில் போட்டபடி.

நரம்பைக் குறுக்கே அரிந்து
வெள்ளைத் தாளில் ஒற்ற வேண்டும், முத்திரைபோல.
நாற்பது முறை.
நாற்பது முறை பிளேடைத் துடைத்தேன்.
தாளைப் பால்பவுடர் கரைத்த நீரில் ஊறப்போட்டேன்;
மளிகைக்கடைப் பால்தான்,
டப்பாவில் கழுத்துமணி கட்டிய பசு.
பிறகு முயலின் குருதியில் பிரித்த தெளிநீர்.
கரும்பையே கண்டிராத ஒரு முயல்
எங்கோ ஒரு கூண்டில்
இந்த நச்சுயிரியின் முகத்தை மறக்காமல் வைத்திருந்தது.
கடைசியில் சாயம்.
தெருவில் மழை, நடைபாதையெங்கும் நாவற்பழம் நசுங்கிக் கிடந்தது.

அதே நாவற்கறை
தாளிலும் எழும்பியது, புள்ளி புள்ளியாய்,
சாறு ஓடும் குழாய்கள் இருந்த இடத்தில் மட்டும்.
பள்ளத்து இருபதில் ஒன்றுமில்லை.
மேட்டு இருபதில் பதினாறு.
எண்ணை மாற்றி ஒட்டிவிட்டேனோ என்று
முதலிலிருந்து எல்லாம் மறுபடி செய்தேன்.
பதினாறு.

அவர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
"இதுல எது என் நல்ல கரும்பு?"
காட்டினேன்.
வெகுநேரம் கழித்து
வேறு எதையோ சொல்வதுபோல் சொன்னார்:
பென்வெனுத்தோ சக்கோனியோடு பதினோரு வருஷம் பேச்சில்லை,
ஓடைக்கரை ஓரமாய் இரண்டு சால் நிலத்துக்காக.
போன மார்ச்சில் சமாதானம்.
சும்மா கை குலுக்கினால் போதாதென்று
ஒரு லாரி விதைக்கரணை அனுப்பினார்.
"மேட்டுலேர்ந்து. நானே பொறுக்கி.
ஒரு சொத்தை போகக்கூடாதுன்னு."

அசுவினிக்கு வரப்பும் தெரியாது, வழக்கும் தெரியாது,
நீங்கள் அனுப்பாவிட்டாலும் அது
காற்றில் ஏறிப் போயிருக்கும் என்றேன்.
"அசுவினி ஒரு லாரி கொண்டுபோகாது"
என்றார்.

தாளைக் கேட்டார்.
கோப்பில் வைக்க வேண்டிய தாள்.
மேட்டு வரிசையை மட்டும் கத்தரித்துக் கொடுத்தேன்,
கோப்பில் என்ன எழுதுவது என்று இன்னும் யோசிக்கவில்லை.
சட்டைப்பையில் வைத்துப் பொத்தான் போட்டார்,
மறுபடி திறந்து பார்த்தார், மறுபடி போட்டார்.

வண்டி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.
ஓடைப்பாலத்தில் ஏறி
சக்கோனியின் வேலிக்குச் சற்று முன்னால்
நெடுநேரம் எஞ்சின் அணையாமல் நின்றது.

பள்ளத்துக்கு ஒரு வடிகால் வெட்டினால் போதும்,
அந்த மஞ்சள் தேறிவிடும்.
அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.