பத்து இலக்கம்

கிளினிக் கொப்பிகளை எல்லாம்
கணினியில் ஏற்றச் சொன்னார்கள்.
ஒரு கொப்பிக்கு நான்கு நிமிடம்.
மழை பெய்தால் இணைப்பு விழும்,
விழுந்தால் ஒன்பது.
கொழும்பில் அந்த மாதம் முழுக்க மழை.

பெர்னதேத் சூசைப்பிள்ளை.
ஜம்பட்டா வீதி, மூன்றாம் மாடியில் ஓர் அறை.
முனை உரிந்த பழைய அடையாள அட்டை:
நாற்பத்திரண்டில் பிறந்தவர்,
பெண் என்பதால் பிறந்த நாளோடு
ஐந்நூறு கூட்டிய இலக்கம்,
கடைசியில் ஒரு வி.
சீனி, பிரஷர், இடது கண்ணில் புகை.
உறவினர்: இல்லை.
பெட்டி ஏற்றுக்கொண்டது.
தொலைபேசி: இல்லை.
பெட்டி சிவந்தது.

"கட்டாயம் ஒரு நம்பர் வேணுமாம், மிஸ்."

சிரித்தார்.
முப்பத்தொரு வருடம் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர்.
காதில் கருவியும் கையில் வயருமாக
தேயிலைக் கம்பனிக்கும் துறைமுகத்துக்கும்
மூன்று மொழியில் ஊர்களைக் கோத்தவர்.
"எனக்கெண்டு இல்லை, பிள்ளை.
மனசில கிடக்கிறதுகளைச் சொல்லட்டே?"
சொன்னார்.
ஒரு மருந்துக் கடை. ஒரு பங்குமனை.
எண்பத்து மூன்று ஜூலையில்
யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் காத்திருக்க,
மணி அடித்து அடித்து
யாரும் எடுக்காமலே போன
வெள்ளவத்தை வீடு.
எல்லாம் ஐந்து, ஆறு இலக்கம்.
பெட்டி பத்துக் கேட்டது.

பின்னால் வரிசை
கதவைத் தாண்டி மழைக்குள் நின்றது.
என் நம்பரை அடித்தேன்.
பச்சையாயிற்று.

பிறகு ஜுனைதீன். மகனின் நம்பரைச் சொன்னார்,
மகன் கட்டாரில் என்றார்,
அந்த நம்பர் வேலை செய்யாது என்பதையும்
அவரே சொன்னார்.
பிறகு சோமாவதி.
பிறகு, மருந்து வாங்க
போனை விற்றுவிட்டு வந்த தர்மகுலராசா.

இப்போது விடிய ஐந்து பத்துக்கு
தலையணைக்கடியில் அதிர்கிறது:
*நாளை காலை 7.30. வெறும் வயிற்றுடன் வரவும்.*
பெயர் இராது, தனியுரிமையாம்.
வெறும் இலக்கம்தான்.
கடைசி நான்கை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பேன்.
4417 என்றால் கைநடுக்கம்.
0906 என்றால் தமிழில் கேட்டு
சிங்களத்தில் பதில் சொல்லும் சோமாவதி.
வேலை முடிந்து மட்டக்குளி பஸ்ஸில் போகையில்
இடையில் இறங்கி
கீழ்க் கடைக்காரனிடமோ மாடிப்படிப் பையனிடமோ
சொல்லிவிட்டு, அடுத்த பஸ் பிடிப்பேன்.
இதற்குச் சம்பளத்தில் இடமில்லை.
எரிச்சல் வரும் நாளும் உண்டு.
ஒருநாள் யாருக்கும் சொல்லவில்லை.
அன்று மூன்று பேர் வரவில்லை.

திட்டப் பிரிவிலிருந்து தினுக வந்தான்.
நல்ல பொடியன், மடிக்கணினியை
மழையில் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தவன்.
"ஒரே நம்பரில் நாற்பத்தொரு பேர், அக்கா.
தரவு துப்புரவாக்க வேண்டும்.
இவர்கள் யார்?"
"ஒரே வீட்டு ஆட்கள்" என்றேன்.
நான்கு சமயம், மூன்று மொழி,
கொழும்பு ஆறிலிருந்து பதினைந்து வரை.
திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
'விளக்கம்' என்ற பெட்டியில்
'பின்னர்' என்று அடித்துவிட்டுத் தேநீர் கேட்டான்.

மிஸ் பெர்னதேத் இரண்டு கிளினிக்காக வரவில்லை.
கடைக்காரன் கடை பூட்டியிருந்தது.
கணினியில் அவர் பெயருக்கு நேரே விழுந்தது:
*தவறியவர்.*
திகதியைத் தவறவிட்டவர் என்றுதான் அர்த்தம்.
இந்தத் தமிழை யார் போட்டார்களோ,
அவர்கள் வீட்டில்
இன்னும் யாரும் தவறவில்லைப் போலும்.

படிகளில் மின்குமிழ் இல்லை.
போன் வெளிச்சத்தில் ஏறினேன்,
ஏறும்போதே வேறு யாருக்கோ ஒரு செய்தி வந்தது.
மூன்றாம் மாடி. தட்டினேன்.
ஒன்றுமில்லை.
மறுபடி தட்டினேன், எண்ணினேன்,
எத்தனை மணி அடித்தால்
எடுக்கமாட்டார்கள் என்று முடிவு செய்வது?
அதை அவரிடமே கேட்டிருக்கலாம்.

உள்ளே கதிரை இழுபட்டது.
அலுவலகக் குரல், தொண்டை கட்டிய குரல்:
"லைனில நில்லுங்கோ."

ஒரு கால். தடி. பிறகு மற்றக் கால்.
நின்றேன்.