ரயில்வே கேட், காலை எட்டே முக்கால்

கேட் மூடியிருக்கிறது.
விழுப்புரம் வண்டி இன்னும் வரவில்லை.
நம் பக்கம் நிரம்பி
எதிர்ப்பக்கமும் நம் பக்கம் ஆகிவிட்டது.
கம்பிக்கு அந்தப் புறமும் இதே கணக்குதான்.
திறந்தால் போர்.

என் முன்சக்கரத்துக்கும் டெம்போவுக்கும் நடுவே
ஒரு தேங்காய் உருளும் இடைவெளி.
அதில் நுழைந்தான்
ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிய சிவப்புச் சட்டை.
என் கண்ணாடியை மடக்கிவிட்டுப் போனான்.
முருங்கப்பாக்கத்திலிருந்து சேர்த்து வைத்த வசவு
வாயில் ஊறியது.

திறந்தார்கள்.
யாரும் நகரவில்லை. எல்லோரும் ஹாரன் அடித்தோம்,
நானும்தான்.

எப்படியோ பிதுங்கி வெளியே வந்து
அண்ணா சாலை திரும்பினால்
பின்னாலேயே விடாத ஹாரன்.
அதே சிவப்புச் சட்டை.
விடுவேனா வழி?
நாற்பதைத் தொட்டேன். அவனும் தொட்டான்.
உரசுகிற மாதிரி பக்கத்தில் வந்து,
"அக்கா, ஸ்டாண்டு! ஸ்டாண்டு!"

குதிகாலால் தட்டி மடக்கினேன்.
நிமிர்வதற்குள்
ஒன்வேயில் எதிர்த்தாற்போல் புகுந்து
போய்க்கொண்டிருந்தான்.

விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.
அடுத்த சிக்னலில்
கோட்டைத் தாண்டி அரைச்சக்கரம் நின்ற
ஒரு வெள்ளைக் கார்
அத்தனையையும்
வாங்கிக் கட்டிக்கொண்டது.