கணியம்

மூன்றாவது வாடகை வீடு இது.
வேளிமலைச் சரிவில், குமாரகோவிலுக்கு இப்பால்,
ரப்பர் பால் புளித்த வாடை சன்னலில் ஏறும் தெரு.
குளச்சலில் யாருக்கும் சொல்லவில்லை.
அம்மாவிடம்கூடத் தக்கலைப் பக்கம் என்றதோடு சரி.
கேஸ் புத்தகத்தில் பழைய முகவரி.
ஆதாரில் இன்னும் அவன் வீடு.

காலை ஐந்தரைக்கு ஓடப் போவேன்.
ஆஸ்பத்திரி லேபில் நாள் முழுக்க
பிறர் ரத்தத்தோடு உட்கார்ந்திருப்பவளுக்கு
சொந்த ரத்தம் ஓடுவதைக் கேட்க அரை மணி நேரம்.
செயலி ஆரஞ்சு நிறத்தில் கோடு போட்டுத் தரும்:
புலியூர்க்குறிச்சி, கோட்டை மதில், கால்வாய்க்கரை, திரும்பல்.
நாலரை கிலோமீட்டர்.
ஏழு பேர் கைதட்டியிருந்தார்கள்.
எட்டாவதாய்த் தட்டியவருக்கு முகமில்லை, ஒரு படகுப் படம்.

கோடு எங்கே தொடங்குகிறதென்று நான் பார்க்கவே இல்லை.
இருபத்திரண்டு நாள்
ஒரே புள்ளியில் தொடங்கி
அதே புள்ளியில் வந்து படுத்திருக்கிறது,
வளர்த்த நாய் மாதிரி.

அப்பா ஒரு பார் வைத்திருந்தார்.
கடலுக்கடியில், கலவா மீன் உறங்கும் கல்.
வேளிமலையின் பள்ளம்
கடியபட்டணம் கோயில் கோபுரத்துக்கு நேர் வரணும்.
கிழக்கே இன்னோர் அடையாளம்.
அதை எனக்கும் சொன்னதில்லை.
வேறு மரம் நெருங்கி வந்தால்
தூண்டிலைச் சுருட்டிவிட்டு பீடி பற்றவைப்பார்.
"இங்க ஒண்ணும் இல்ல மக்கா, வெறுந்தண்ணி."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது
இன்பாக்ஸில் ஒரு படம்.
என் படம்தான்.
மொட்டை மாடி, துணிக்கொடி, கையில் பிறந்தநாள் கேக்.
பிரதீபா எடுத்துப் போட்டது.
இடம் குறிக்காதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்,
குறிக்கவும் இல்லை அவள்.
அதில் சிவப்பாய் இரண்டு வட்டம் வரைந்திருந்தான்.
ஒன்று, என் தோளுக்குப் பின்னால் மலையின் பள்ளம்.
மற்றது, அதற்கு நேர் கீழே பஞ்சாயத்துத் தண்ணீர்த்தொட்டி,
நீலத்தில் எழுதிய எண்ணோடு.
அடியில் ஒரே வரி:
"கேட்டுக்குப் பச்சை பெயிண்ட் நல்லா இருக்கு ஷைனி."

அவனும் கடல்காரன் மகன்தான்.
இரண்டு அடையாளம் போதும் அவனுக்கு.
மலையைப் பார்த்துக் கல்லைக் கண்டார் அப்பா.
மலைக்குக் கீழே கல்லாய்க் கிடக்கிறேன் நான்.
தலைக்கு மேல் ஒரு மரத்தின் நிழல்
துடுப்புப் போடாமல் நிற்கிறது.

மகளிர் காவல் நிலையத்தில் எஸ்.ஐ. அம்மா
படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.
"மிரட்டின மாதிரி எதுவும் இல்லையே?
பெயிண்ட் நல்லா இருக்குன்னுதானே போட்டிருக்கான்?"
பிறகு குரலைத் தாழ்த்தி,
"லொகேஷன மொதல்ல ஆஃப் பண்ணு பிள்ளே" என்றார்.
மேசையில் அவர் போன் ஒளிர்ந்தது. ஸ்டேட்டஸில் அவர் மகள்,
சீருடையில், பள்ளி வாசலில்,
பெயர்ப்பலகை ஓர் எழுத்து விடாமல்.
விரல் நீட்டிக் காட்டினேன்.
போனைக் கவிழ்த்து வைத்தார்.

பிரதீபா அழுதாள்.
அவள்மேல் என்ன தப்பு. கேக் நன்றாக இருந்தது.

கேட்டுக்குப் பழுப்பு அடிக்கலாம், அடித்தேன்.
தண்ணீர்த்தொட்டிக்கு யார் அடிப்பது,
மலையை எங்கே கொண்டுபோய் வைப்பது.

இன்று காலை ஏழேகாலுக்கு
போன வருஷப் படம் ஒன்றைத் தேடி எடுத்து
திற்பரப்பு அருவி என்று இடம் குறித்துப் போட்டேன்.
"நாள் முழுக்க இங்கேதான்!" என்று ஒரு வரி,
நனைந்த சிரிப்பு ஒன்று.
பிறகு பாத்திரங்களை நியூஸ்பேப்பரில் சுற்றத் தொடங்கினேன்.
ஏழு நாற்பதுக்குப் படகுப் படம் கைதட்டியது.
போ மக்கா, போ.
வெறுந்தண்ணி.

எட்டரைக்கு டெம்போக்காரர் கூப்பிட்டார்.
"வீடு பிடிபடல்ல. லொகேஷன் ஒண்ணு அனுப்புங்க."
அங்கேயே நில்லுங்கள் அண்ணே,
நான் நடந்து வருகிறேன் என்றேன்.