ஆறு குப்பிகள்

மின்விசிறிப் பெட்டிக்குப் பின்னால் கிடந்தன.
மொத்தம் ஆறு. மூடிகள் பிசுபிசுத்து,
லேபிளில் மீன் மட்டும் இன்னும் நீந்தியபடி.
காலாவதித் தேதி நாலு வருஷத்துக்கு முந்தியது.
அந்த வருஷம்தான் ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாமல்
ஆஸ்கர் மீன் இரண்டும் மல்லாந்தன.
வில்லாபுரத்துக்காரர் ஒருவர்
பாதி விலைக்குத் தொட்டியைத் தூக்கிப் போனார்.
மருந்து வேண்டாம் என்றுவிட்டார்.

நான் வக்கீல் குமாஸ்தா.
முடிக்க முடியாததற்கு வாய்தா வாங்கத் தெரியும்.
பொங்கல் வரட்டும், சித்திரைத் திருவிழா முடியட்டும்,
வெள்ளையடிக்கும்போது பார்க்கலாம் என்று
மேல்தட்டிலேயே இருந்தது வழக்கு.

வெள்ளையடிக்க ஆள் வந்தாயிற்று.

"சிங்க்ல ஊத்தித் தண்ணியத் திறந்துவிடுங்க,
சொட்டுச் சொட்டாத்தானே ஊத்துறது" என்றாள் சாந்தலட்சுமி.
சொட்டுதான். ஆனால் எங்கள் தெருச் சாக்கடை
எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும்.
கிருதுமால் வாய்க்கால் ஆக்கிரமிப்பு வழக்குக் கட்டு
ஆபீஸில் தலையணை உயரம் இருக்கிறது.

குப்பை வண்டிக்கு எடுத்துப் போனேன்.
மக்குவது, மக்காதது என்று
உறையில்லாத கையால் பிரித்துக்கொண்டிருந்தார் ஒச்சம்மாள்.
"கண்ணுக்கு ஊத்துற மருந்தா சார்?"
ஒன்றை எடுத்து மூடியைத் திருகப் பார்த்தார்.
வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.
அமிலம் என்று சொல்ல வாய் வரவில்லை.
போன வாரம் உடைந்த கண்ணாடி டம்ளரை
அதே கையில்தான் கொடுத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் ஒரு கிறுக்கு.
பாலத்திலிருந்து கயிற்றில் டப்பா இறக்கி
வாய்க்கால் தண்ணீர் ஐந்து மில்லி.
அம்மோனியாவுக்கு முதல் குப்பியில் எட்டுச் சொட்டு,
இரண்டாவதில் எட்டு. குலுக்கி, ஐந்து நிமிஷம்.
மஞ்சளென்றால் மீன் பிழைக்கும்.
வந்தது அட்டையில் இல்லாத பச்சை,
பாசிக்கும் கறுப்புக்கும் நடுவே எங்கோ.
காலாவதியான சாட்சி செல்லாது என்று
எதிர்த்தரப்பு சொல்லும். சொல்லட்டும்.
செத்த தண்ணீர்தானே என்று
மிச்சத்தையும் அதிலேயே கவிழ்க்க
ஒரு நொடி கை சாய்ந்தது.
அதையும் பதிவு செய்துகொள்ளலாம்.

நாகமலைப் பக்கம் ஒரு கல்லூரி.
வேதியியல் லேப் உதவியாளர் மரியசூசை
குப்பிகளை வரிசையாக நிறுத்தி, முகராமல் படித்தார்.
"இது ஆசிட். இதுல பிளீச்.
ரெண்டையும் ஒரே பாட்டில்ல சேத்து ஊத்தலையே?"
ஊத்தலை.
"ஊத்தியிருந்தா பஸ்லயே மூச்சு முட்டியிருக்கும்."
கழிவுக்கு இரண்டு டிரம், தனித்தனி மூலையில்.
மாசக் கடைசியில் அதற்கென்று வண்டி வருமாம்.
சோதனைக்குழாய் அலசிய தண்ணீரை
ஜாம் பாட்டிலில் கொண்டுபோயிருந்தேன். அதையும் வாங்கிக்கொண்டார்.
பழக்கதோஷம்,
"பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து?" என்றேன்.
சிரித்துக்கொண்டே என் பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதினார்:
குப்பி ஆறு. பாதி காலி.

திரும்பும் வழியில்
ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கினேன்.
போட்டுப் பார்த்த ஒச்சம்மாள்
விரல் நுனியெல்லாம் தொங்குது சார் என்று கழற்றித் தந்தார்.
சின்னதாக மாற்றித் தருகிறேன் என்றேன்.
எப்போது என்று அவர் கேட்கவில்லை.
நாளைக்கு, என்று நானே சொன்னேன்.
நாளைக்கே.