ஒன்பது

ஜெம்போல் மருத்துவமனை, இரண்டாம் கதவு, நீல நாற்காலி.
மாவுக்கட்டைப் பிரித்தபோது
என் பெருவிரல் நனைந்த கோழிக்குஞ்சு போல இருந்தது,
வெளுத்து, சுருங்கி, எதற்கோ பயந்து.

பிசியோ பெண் ஃபர்ஹானா
அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.
"இபு ஜாரி, காக். விரல்களுக்கெல்லாம் அம்மா.
அம்மா படுத்துவிட்டால் வீடு என்ன ஆகும்?"
எல்லாரிடமும் சொல்வாள்போல.
சிரித்து வைத்தேன்.
மாவட்டத்தின் பெயருக்கே கட்டைவிரல் என்று அர்த்தம்;
விழுவதற்கு எனக்கு வேறு ஊர் கிடைக்கவில்லை.

விழுந்தது பெரிய கதை இல்லை.
லோரி சிந்திப்போன செம்பனைப் பழம்,
மழை, என் பழைய ஹோண்டா,
பகாவ் ரயில் கேட்டுக்கு இந்தப் பக்கம்.

தாளில் படம் போட்டுத் தந்தாள்.
ஐந்து விரலையும் குவித்து ரப்பர் பேண்ட் மாட்டு, விரி.
துணி கிளிப்பைக் கிள்ளு, விடு.
பழைய பேப்பரை ஒரே கையால் கசக்கி உருட்டு.
ஐம்பது காசை ஆள்காட்டி விரலோரம் அழுத்திப் பிடி,
யாராவது பிடுங்கினாலும் கொடுக்காதே.
பத்து முறை. காலை, மாலை.
வலித்தால் நிறுத்து.
வலிக்கும் என்று நினைத்து நிறுத்தாதே.

மூன்று தலைமுறையாக ரப்பரைக் கீறிய குடும்பம்.
இப்போது நாசி லெமாக் பொட்டலத்தில் கழற்றிய
ஒரு மஞ்சள் வளையம்
எல்லாருக்குமாகச் சேர்த்து என்னிடம் கேட்கிறது.

பள்ளி வேன் ஓட்டுகிறவள் நான்.
பதினான்கு பிள்ளைகள், ஒரு சாவி.
சாவி திருப்புவது பெருவிரலின் வேலை என்று
நாற்பத்தாறு வயதுவரை எனக்குத் தெரியாது.
இடது கையை வளைத்து நான் திருப்பும்போது
பின்சீட்டிலிருந்து யுகேந்திரன்:
"டேய், ஆண்ட்டிக்கு ஓட்டத் தெரியலடா."

தமிழ்ப்பள்ளி வாசலில், மணி அடிக்கும் முன்னே,
ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு விரிப்பேன்.
முதலில் ஓடி வருகிற லோஷினி எண்ணுவாள்.
ஆறு. ஏழு. எட்டு. பத்து.
இரண்டாம் ஆண்டில் இதைக்கூடச் சொல்லித் தரவில்லையா என்றேன்.
"தெரியும் ஆண்ட்டி.
எட்டு வந்தா உங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுது."

மூன்றாம் வாரம் கோப்பி போத்தல் திறந்தது.
மறுநாள் ஊறுகாய். அதற்கடுத்து சம்பால்.
ஒரே திருப்பு!
தாளின் ஓரத்தில் நட்சத்திரம் போட்டேன்.
கிள்ளானிலிருக்கும் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்,
அவள் கேட்காமலேயே இரண்டு முறை.

அப்புறம் ஒரு விடிகாலை தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
ஆலைக்குப் போகும் சட்டையோடு
சமையலறையில் நின்றிருந்தார் வேலவன்.
கோப்பி போத்தலைத் திறந்தார்,
தொட்டும் தொடாமலும் மூடினார்.
ஊறுகாயைத் திறந்தார், மூடினார்.
பெலாச்சான், மைலோ டின்,
எறும்பு நுழையாத அளவுக்கு மட்டும்.
எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்து,
காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு
வாசலுக்குப் போய் மாட்டினார்.

எனக்குக் கோபம் வந்தது.
கொஞ்ச நேரம் கழித்து வேறு ஏதாவது வரும் என்று உட்கார்ந்திருந்தேன்.
அப்போதும் கோபம்தான்.

எழுந்து ஒவ்வொரு மூடியையும்
இடது கையால், உடம்பையே சாய்த்து, இறுக்கினேன்.
பிறகு வலது கை.
கோப்பி அசையவில்லை.
சம்பால் அசையவில்லை.
ஊறுகாய் ஒரு மயிரிழை நகர்ந்தது.
மூடி நகர்ந்ததா, தோல் வழுக்கியதா,
சத்தியமாகத் தெரியவில்லை.
நட்சத்திரங்களை அழிக்கவில்லை.
புதிதாக ஒன்றும் போடவில்லை.

மாலையில் கோப்பி போத்தலைத் தூக்கிக்கொண்டு
ஹாலுக்கு வந்தார்.
கழுத்து நரம்பு புடைத்திருந்தது.
"யார் இதை இப்படி மூடினது?"

நான் ரப்பர் பேண்டை விரித்துக்கொண்டிருந்தேன்.
ஏழு.
எட்டு.
ஒன்பது.